உதறிவிட்டு வா

மாலைக் கறப்பை முடித்து, சாணி அப்பிய ரப்பர் பூட்ஸைப் பின்வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே கால் வைத்த ரோமெலுக்குக் கொசுவர்த்தி வாசனை அடித்தது. கொசு எங்கே வந்தது இந்த ஊருக்கு? நியூசிலாந்தின் தென்கோடி. டிசம்பர் கோடைக்காலம் என்று பேர்தான். பனிக்கண்டத்திலிருந்து புறப்படும் காற்று நடுவில் எங்கேயும் நிற்காமல் நேரே வந்து எலும்பைத் தொடும். கடையில் போய்க் கொசுவர்த்தி கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் தொண்டையில் லேசாகக் கசக்கிற அந்தப் பச்சைச் சுருளின் புகை, சமையலறையில் தொடங்கி நடைவழி முழுக்கப் பரவி, குழந்தைக்கென்று ஒழித்து வைத்திருந்த அறையின் மூடிய கதவு வரைக்கும் நின்றிருந்தது.

"பெர்லா, என்னத்தக் கொளுத்தின?"

"ஒண்ணும் கொளுத்தலியே."

சமையலறையிலிருந்து வந்த அந்தக் குரலில் ஒரு குதூகலம் இருந்தது. நவம்பருக்குப் பிறகு அவன் கேட்டறியாத குதூகலம். சந்தோஷப்படவேண்டிய மனுஷன் நடைவழியிலேயே நின்றுவிட்டான்.

செப்டம்பர் பிறந்தாலே பிலிப்பைன்ஸ்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் பிறந்துவிடும். அப்போதே பெர்லா ஜன்னலில் காகித நட்சத்திர விளக்கைக் கட்டிவிட்டாள். சொந்த ஊர் இலொய்லோவில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்த ஆறு வயது மகள் நிங் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவாள் என்று கணக்கு. இங்கேயே தங்கிவிட, மூன்று பேருக்கும் சேர்த்து விசாவுக்குப் போட்டிருந்தார்கள். அதற்குள், நவம்பரில், அங்கே டெங்கு வந்தது. காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், போய்விட்டாள் என்றார்கள். பெர்லா பெட்டியைக் கட்டினாள். விசா முடிவாகுமுன் நாட்டைவிட்டுப் போனால் திரும்ப வர முடியாது. ரோமெல்தான் தடுத்தான். "நீ போயி அவ எந்திரிச்சு வரவா போறா?" என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக்கூடாது. அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் அவனிடம் சண்டைகூடப் போடவில்லை.

ஆகவே மகளின் சாவு வீட்டை இருவரும் போனில்தான் பார்த்தார்கள். சமையலறை மேசையில் உப்பு ஜாடியின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ராத்திரி ராத்திரியாக. வெள்ளைப் பெட்டி, மெழுகுவர்த்திகள், பெட்டிக்குக் கீழே கொசுவர்த்தி. புதைத்த அன்று பெர்லா போனின் கண்ணாடிமேல் முகத்தை வைத்து வெகுநேரம் ஏதோ முணுமுணுத்தாள். அன்றிலிருந்து அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

இப்போது அவள் அடுப்பருகே நின்று, நீண்ட ஆயுசுக்கென்று செய்கிற பன்சித் நூடுல்ஸுக்குக் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரைக்கைச் சட்டை. ஹீட்டர் அணைந்திருந்தது. அவன் அவள் தோளைத் தொட்டான். தோசைக்கல் மாதிரிச் சுட்டது. முழங்கைக்கு மேலே சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள்.

"காய்ச்சல் கொதிக்குதுடி!"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். அவளுக்குத்தான் குளிருதாம். ராத்திரி பூரா என்னை ஒட்டிக்கிட்டே படுத்திருக்கா, பாவம். இங்க இருக்கிற குளிரு அவளுக்கு எப்படிப் பழகும்?"

கத்தி பலகையில் தாளம் தப்பாமல் விழுந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பண்டிகைக்கு முந்தின நாள். பக்கத்துப் பண்ணையில் இருக்கும் திவினா அக்கா, தேங்காய்ப்பாலில் வெந்த அரிசிப் பலகாரத்தோடு கறவைக் கொட்டகைக்கே வந்துவிட்டாள். வாய்க்கு வாய் கேலி பேசுகிறவள். ரோமெல் எல்லாவற்றையும் கொட்டியதும் அவள் முகம் மாறிப்போனது.

"சாவுக்குப் போயிட்டு வந்தா நேரா வீட்டுக்கு வரலாமாடா? நடுவுல எங்கயாவது எறங்கி, உதறிட்டுத்தான வரணும்? இல்லேன்னா செத்தது கூடவே வந்துடுமே. பால்குடி மறக்காத புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது."

"நாங்க எங்கக்கா போனோம்? வீட்டுலதான இருந்தோம்."

"அட மாடு! மாட்டோட இருந்து மாடாவே ஆயிட்டியா? சாவு வீடு உங்க அடுப்படியிலேயே நடந்திருக்கு. நீயாவது கறவைக்குன்னு வெளிய வந்து போற. அவ அந்தச் சாவு வீட்டுலேர்ந்து இன்னும் வெளிய வரவே இல்லடா."

மாடுகள் கதவுக்குப் பின்னால் பெருமூச்சு விட்டன.

"இன்னிக்கு சர்ச்சுல கிறிஸ்துமஸ் பூசைக்குக் கூட்டிட்டு வா," என்றாள் திவினா. "திரும்பறப்ப ஒரு கடையோ பங்க்கோ, எதுலயாவது எறங்கவை. அப்புறம் வீட்டுக்குப் போ. வந்தது அங்கயே நின்னுடும். டாக்டரு அதுக்கப்புறம்."

"அது என் பொண்ணு அக்கா."

"தெரியும்டா," அவள் கண் கலங்கிவிட்டது. "பொண்டாட்டியும் வேணுமில்ல உனக்கு?"

பெர்லா பூசைக்கு மறுப்பாள் என்றுதான் நினைத்தான். மறுக்கவில்லை. "நிங்குக்கும் பாட்டு கேட்கப் பிடிக்கும்," என்று கிளம்பிவிட்டாள். காரின் பின்கதவைத் திறந்தாள். ஒரு குழந்தை ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, விரல் நசுங்கிவிடப் போகிறதே என்பதுபோல மூடினாள். ரோமெல் கண்ணாடியில் பார்த்தான். வெறும் சீட்டுதான். கொசுவர்த்தி வாசனை மட்டும் அவன் பிடரிக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், மூச்சுவிடுகிற தூரத்தில் இருந்தது.

சர்ச்சில் பிலிப்பைன்ஸ் ஆட்கள் கூட்டம். கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது பெர்லாவின் வலதுகை கீழே தொங்கி, விரல்கள் எதையோ பொத்திப் பிடித்திருந்தன. பூசை முடிந்து வெளியே வந்தபோதும் வெளிச்சம் போகவில்லை. இங்கே கோடையில் பொழுது சாகாமல் இழுத்துக்கொண்டே கிடக்கும். வேலியும் மாடும் மலையும் நிழலே இல்லாமல் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

ஊர் எல்லையிலிருந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பினான். பண்டிகைக்குப் பூட்டியிருந்தார்கள். தகரப் பலகை காற்றில் கிறீச் கிறீச் என்று ஆடிக்கொண்டிருந்தது.

"இங்க எதுக்கு?"

"பெட்ரோலு..."

"டேங்க் ரொம்பித்தான் இருக்கு. பங்க்கும் பூட்டியிருக்கு." அவள் அவன் பக்கம் திரும்பினாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. "வேணாம் ரோமெல். உன் கால்ல விழறேன். அவளுக்கு இந்த ஊர்ல நம்ம ரெண்டு பேரை விட்டா யாரைத் தெரியும்?"

"நீ செத்துருவ பெர்லா. கையைப் பாரு. எனக்கு நீ வேணும்டி." சொல்லும்போதே அழுதுவிட்டான். பெற்ற மகளை நடுத்தெருவில் இறக்கிவிடச் சொல்கிற பாவி தான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கார்க் கதவின் பூட்டைத் திறந்துவிட்டான்.

அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டு வந்தா அழுவா. நான் சொல்லிட்டு வர்றேன்."

இறங்கினாள். பின்கதவைத் திறந்து கையை நீட்டினாள். அப்படியே, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தபடி, சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்து, கட்டிடத்தின் பக்கவாட்டில் மறைந்தாள்.

ரோமெல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். தகரப் பலகை. காற்று. கட்டிடத்துக்குப் பின்னால் பேச்சுச் சத்தம், ஒரு குரல்தான், தாழ்ந்த குரலில், சமாதானம் சொல்வதுபோல. அப்புறம் ஒரு விசும்பல். எது யாருடையது என்று தெரியவில்லை. அப்புறம் எதுவுமில்லை. பலகைகூட நின்றுவிட்டது.

போய்ப் பார்க்கலாமா? கதவுப் பிடிவரை போன கையை இழுத்துக்கொண்டான்.

பெர்லா வந்தாள். தனியாக. ஓடிவந்தாள். பின்கதவைத் திறந்து, பின்சீட்டிலேயே ஏறிக்கொண்டாள். கோபம், இருக்காதா பின்னே, என்று நினைத்துக்கொண்டான். வண்டியை எடுத்தான். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பார்க்கவில்லை.

வீட்டைத் திறந்தான். மூச்சை இழுத்தான். நடைவழியில் வெங்காய வாசனை, சோப்பு வாசனை, ஈரக் கம்பளி வாசனை. அவ்வளவுதான். கொசுவர்த்தி இல்லை. பெர்லாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் அடியோடு இறங்கிப் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது. சட்டைக் கையைத் தூக்கினான். பொட்டுகள் இல்லை. சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, போன மகளுக்காகவும் பிழைத்த மனைவிக்காகவும் சேர்த்து அழுதான்.

"உக்காரு பெர்லா. நீ ஒண்ணும் செய்ய வேணாம். நான் சூடு பண்றேன்."

விடியற்காலைக் கறப்பு இருக்கிறவர்களுக்கு நள்ளிரவு விருந்து ஏது? இரண்டு தட்டு வைத்தான். நூடுல்ஸைப் பரிமாறினான். எதிரே உட்கார்ந்தான்.

அவள் முள்கரண்டியைத் தொடவில்லை. நாற்காலியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்து, சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பை. ஜன்னலை. தொங்கும் நட்சத்திரத்தை. முதல் தடவையாகப் பார்ப்பதுபோல.

"சாப்பிடு."

நட்சத்திரத்திலேயே அவள் கண் நின்றது.

"பெர்லா."

அவள் அந்தப் பெயருக்குத் திரும்பவில்லை.

ரோமெலின் கையில் கரண்டி நின்றது. வெளியே இன்னும் அந்தச் சாம்பல் வெளிச்சம். ஆளரவம் இல்லாத ரோடு.

"அப்பா," என்றாள். குரல் பெர்லாவுடையது. "அம்மா அங்கயே நின்னுட்டாங்க."

ரோமெல் பாதி எழுந்து ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தான்.

"நீ ஓடிப்போய் வண்டில ஏறிக்கோ, உனக்குப் பதிலா நான் நிக்கிறேன்னு சொன்னாங்க."

சொல்லிவிட்டு, பெர்லாவின் வாயை அகலமாகத் திறந்து, அவன் ஊட்டுவதற்காகக் காத்திருந்தாள்.