கழலாத மோதிரம்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் கருப்பட்டி மண்டி சிவனணைந்தபெருமாள் போட்ட கூப்பாட்டில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவருடைய வலதுகை மோதிர விரல் வெறுமையாக இருந்தது. பதினேழு வருஷத்து மோதிரம். 1927-ல் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடந்தபோது ஏலத்தில் எடுத்த ஒற்றை முத்தைப் பதித்து, மனைவி அருணாசலவடிவு கல்யாணத்தன்று போட்டுவிட்டது. அந்த அம்மாள் செத்து அன்றைக்கு அறுபத்திரண்டு நாள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த மோதிரம் கழலாது. காரியம் செய்கிறவர் உடம்பில் பொன் இருக்கக் கூடாது என்று, மனைவியின் காரியத்தன்று நாவிதர் எண்ணெய் போட்டு இழுத்தார், சோப்பு போட்டு முறுக்கினார். அசையவில்லை. முப்பது பேர் பார்த்தார்கள்.

கழலாத மோதிரம் தானாகக் கழலுமா? யாரோ மயக்கிக் கழற்றியிருக்கிறார்கள். யார்? சமையற்காரி செல்லத்தாய். ராத்திரிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவள் அவள். தூக்கம் வராத மனுஷனுக்கு உச்சியில் தேய்க்க விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கட்டிலடியில் வைப்பவளும் அவளே. கஞ்சியில் அபின், விரலில் எண்ணெய்! ஊர் அரை மணி நேரத்தில் துப்புத் துலக்கிவிட்டது. பெருமாள் அவளை நடுத்தெருவில் நிறுத்தி இரண்டு அறை விட்டார். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல ஜனங்கள்!

காலை 8.15. சப் இன்ஸ்பெக்டர் ஜேசுபாதம் வந்தார். அதிகம் பேசாத ஆள்.

"கதவு?"

"சாத்தியிருந்துச்சு. தாழ்ப்பாள் போடுததில்ல."

"கடைசியா மோதிரத்தை எப்போ பார்த்தீங்க அண்ணாச்சி?"

"விரலை எவன் பார்த்துக்கிட்டே இருக்கான்? கழலாத மோதிரம், எங்க போயிரும்னு இருந்தேன்."

"வீடு பூராவும் தேடியாச்சா?"

"வடிவு டிரங்குப் பெட்டி தவிர பூராவும். அதை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. தெனமும் விளக்கு வைக்குத நேரம் நானே தொறந்து, அவ சேலையெல்லாம் எடுத்துத் திரும்ப மடிச்சு வைப்பேன். யாரு எடுத்திருந்தாலும் சரிய்யா. கேஸே வேண்டாம். மோதிரம் வந்தாப் போதும்."

ஜேசுபாதம் அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டை கொக்கியில் மாட்டியதுபோல் தொங்கியது. வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட்டு. அதில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் மூன்று. ஆனாலும் புகார் கொடுத்தவர் பெரிய மனுஷர். செல்லத்தாயை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 9.10. பெண்களுக்குத் தனி அறை இல்லாத ஸ்டேஷன். செல்லத்தாயின் வலது கையை ஜன்னல் கம்பியோடு விலங்கிட்டிருந்தார்கள். அவள் இடது கையால் அந்த விலங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்குக் கோர்ட்டு. அங்கிருந்து ரிமாண்டு என்றால் கைக்குழந்தை யார் கையில்? பக்கத்து வீட்டுக்காரி நேற்று இரண்டு தடவை பிள்ளையை ஸ்டேஷன் வாசல்வரை தூக்கி வந்தாள். சென்ட்ரி விரட்டிவிட்டான். அழுகைச் சத்தம் ஜன்னல்வரை கேட்டது.

"எடுத்தியா?" என்றார் ஜேசுபாதம்.

"இல்ல ஐயா."

"கஞ்சியில அபின்?"

"உப்புப் போட்டமா இல்லையான்னே எனக்கு மறந்து போவுது ஐயா. அபினுக்கு நான் எங்க போவேன்?"

"அவ்வளவு மறதியா?"

"அவுக போனதுலேர்ந்து அப்படித்தான். தூக்கம் இல்ல. சோறு இறங்கல. பிள்ளைக்குப் பாலும் வத்திருச்சு."

அவள் புருஷன் பேச்சிமுத்து தோணியில் சுமை ஏற்றுகிறவன். தோணிக்கும் கப்பலுக்கும் நடுவே விழுந்து நசுங்கிப் போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதற்கும் மறுநாள் வடிவம்மாள் இறந்தாள். தன் துக்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு முதலாளி வீட்டுத் துக்கத்துக்குக் கஞ்சி காய்ச்சினாள்.

ஏட்டு நயினார் அவள் தெருக்காரர். அவருக்கு மனசு கேட்கவில்லை. "கருமாதியன்னைக்கு இவ வெள்ளிக் காப்பு கழலாம, ஆசாரி வந்து அரம் போட்டு அறுத்தான் ஐயா. எண்ணெய்க்கும் மசியல, சோப்புக்கும் மசியல. அப்படி ஒரு கை. இன்னைக்குப் பாருங்க, விலங்கைக் கடைசிப் பல்லு வரைக்கும் இறுக்கியும் தொளதொளன்னு நிக்குது."

ஜேசுபாதம் எழுந்து வந்து அந்த மணிக்கட்டையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சே! நாமெல்லாம் கண்ணை எங்க வச்சிருந்தோம்?" என்றார்.

9.40. பெருமாள் வேகமாக உள்ளே வந்தார். "இன்னும் இங்கனயா வச்சிருக்கீங்க? மோதிரம் போனாப் போவுது. இவ ஜெயிலுக்குப் போகணும்." பேசும்போது அவர் கை இடுப்பை இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டது.

"உட்காருங்க அண்ணாச்சி. எத்தனை நாளாச் சாப்பாடு இறங்கல?"

"அவ போனதுலேர்ந்து."

"பெல்ட்டுக்கு மூணு ஓட்டை புதுசாப் போட்டிருக்கீங்க. இடுப்பு இளைச்சது தெரிஞ்சுது. விரலும் சேர்ந்து இளைக்கும்லா? காரியத்தன்னைக்குக் கழலலைன்னு முப்பது பேர் பார்த்தாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் இழுத்துப் பார்க்கல, நீங்களும் பார்க்கல. செல்லத்தாய்க்குக் கருமாதியன்னைக்குக் கழலாத காப்பு. இன்னைக்கு விலங்கே லொடலொடங்குது. புருஷனைப் பறிகொடுத்த உடம்பும் பொண்டாட்டியைப் பறிகொடுத்த உடம்பும் ஒண்ணுதான் அண்ணாச்சி. மோதிரத்தை யாரும் கழத்தல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க சேலை மடிக்கும்போது தானா நழுவியிருக்கு. தேடாத இடம் அந்த டிரங்குப் பெட்டி ஒண்ணுதான். நேத்து விளக்கு வைக்குத நேரம் அதைத் தொறந்தீங்க. கிடைச்சுது."

"என்னய்யா உளறுதீரு?"

"நேத்துக் காலையில கேஸ் வேண்டாம், மோதிரம் போதும்னீங்க. இன்னைக்கு மோதிரம் வேண்டாம், கேஸ் போதும்ங்கீங்க. பொண்டாட்டி போட்ட மோதிரத்தை ஒரே ராத்திரியில கைகழுவுத ஆளா நீங்க? கையில இருந்தாத்தான் அப்படிப் பேச வரும். நேத்து நடந்தது திருட்டே இல்ல. அதுக்கப்புறம் நீங்க செஞ்சதுதான் குற்றம். அரைஞாண் கயித்தை வெளியே எடுங்க."

பெருமாள் அசையவில்லை. ஏட்டு நயினார் ஓர் அடி முன்னால் வந்தார். பெருமாள் இடுப்புக் கயிற்றை வெளியே இழுத்தார். கறுப்புக் கயிற்றில் முத்து மோதிரம் தொங்கியது.

"நடுத்தெருவுல அறைஞ்சுட்டேன்," என்றார். "சமையற்காரி கிட்டப் போய் தப்பு என்மேலேன்னு சொன்னா, பஜார்ல எவன் என்னை மதிப்பான்?" பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "விரல் இப்படி இளைச்சிருக்கே. ஒருத்தரும் சொல்லலையே!"

"ஊரே சொல்லுச்சு மொதலாளி," என்றாள் செல்லத்தாய். குரலை உயர்த்தவில்லை. "டாக்டர் வந்தாரு. ஆப்பிள் வந்துச்சு. ஆர்லிக்ஸ் வந்துச்சு. கலக்கிக் கொடுத்தவ நான்தான். கொண்டுவந்து வச்ச கையை நீங்க ஒருநாளாவது பார்த்தீகளா?"

ஜேசுபாதம் பொய்ப் புகார் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். அந்தத் தாள் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் எழுதினார்.

"நயினார், விலங்கை அவுத்து விடும்."

ஏட்டு சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவினார். மேசை டிராயரைத் திறந்தார். செல்லத்தாய் இடது கையை எடுத்துவிட்டு வலது கையைக் கீழே இழுத்தாள். விலங்கு பூட்டியபடியே கம்பியில் தொங்கியது. கை வெளியே வந்துவிட்டது.

ஏட்டு சாவியோடு திரும்பினார்.

"நேத்து மத்தியானமே கழண்டுருச்சு ஐயா," என்றாள் அவள். "பிள்ளை வாசல்ல அழுதப்போ போயிரலாமான்னு இருந்துச்சு. போனா திருடிதான்னு ஆயிரும்லா. அதான் விழாமப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்க்கப் போனாள்.