மூன்றாம் படியில் ஈரம்

படித்துறையின் மூன்றாவது படியில் ஈரம் இருந்தது. படத்தில் மட்டும்.

சாக்கோச்சன் கேமராவின் பின்திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி நேரில் பார்த்தான். ஓணம் முடிந்து இரண்டு வாரம், மதியம் பன்னிரண்டரை மணி, குட்டநாட்டு வெயில் பிடரியில் அறைந்துகொண்டிருந்தது. அவன் வீட்டு முற்றத்திலிருந்து கால்வாய்க்குள் இறங்கும் கருங்கல் படிகள் காய்ந்து, செருப்பில்லாமல் மிதித்தால் பொரிந்துபோகும் சூட்டில் கிடந்தன. படத்திலோ மூன்றாவது படியின் நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு. நனைந்த உடம்போடு யாரோ உட்கார்ந்து எழுந்த இடம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவனுக்கே பிடிக்கவில்லை.

கேமராவைப் பிரித்து மேய்வது அவன் தொழில். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் உள்ளே புகுந்து படத்தைக் கெடுக்காமலிருக்க, கேமரா செய்கிறவர்கள் சென்சாருக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடியை வைத்து அனுப்புகிறார்கள். அதைக் கழற்றிவிட்டு அதே கனத்தில் வெறும் கண்ணாடியை வைத்து மூடித் தர அந்த வட்டாரத்தில் சாக்கோச்சன் ஒருவனுக்குத்தான் கை வந்தது. அதன் பிறகு லென்ஸ் முனையில் எந்த ஃபில்டரைத் திருகுகிறோமோ அதற்கேற்ப உலகம் மாறும். ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று எண் பொறித்ததைப் போட்டால் கொஞ்சம் நிறம் மிஞ்சும். எழுநூற்றிருபதில் இலையும் புல்லும் பனி கொட்டியதுபோல் வெளுத்துவிடும். எண்ணூற்றைம்பதில் நிறமென்ற பேச்சே கிடையாது. ஆனால் எதைப் போட்டாலும் சில விஷயங்கள் மாறுவதில்லை. கறுப்புக் குடை வெளுக்கும், மனிதத் தோல் மெழுகாகும், உயிருள்ள இலைதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று எரியும். தண்ணீர் கறுப்பாகவே இருக்கும்.

அப்போது திருகியிருந்தது ஐந்நூற்றுத் தொண்ணூறு. கண்ணாடிக்கு அடியில் ஈரம் கோத்துக்கொண்டது என்று அவன் முடிவு செய்தான். குட்டநாட்டில் ஈரம் புகாத இடம் கல்லறைகூட இல்லை என்பார்கள். வீட்டின் பக்கவாட்டு அறையில் விளக்கைப் போட்டு, கேமராவின் முதுகைத் திறந்து, ரிப்பன் வயர்களை ஒவ்வொன்றாக விடுவித்து, சென்சாரை வெளியே எடுத்து பூதக்கண்ணாடியில் பார்த்தான். ஒரு தூசிகூட இல்லை. இருந்தாலும் துடைத்தான். அந்தப் படித்துறையைப் பற்றி யோசிப்பதைவிட துடைத்துக்கொண்டிருப்பது மேல் என்று இருந்தது.

ஜூன் மாத மழையில் ட்ரீசா வழுக்கி விழுந்தது அந்தப் படியிலிருந்துதான். ஏழு வயது, ஒரே மகள். கால்வாய் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. அதன் அடியில் எங்கே போனாளென்று தெரியாமல் பத்தொன்பது நிமிடம் ஊரே தேடியது. வள்ளக்காரன் தங்கப்பன் கொடியும் வேருமாகச் சேர்த்து அவளை வாரியெடுத்தபோது மூச்சு இருந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, கொண்டுபோகலாம் என்றார்கள். அற்புதம் என்றது ஊர். அவன் மனைவி சோஃபி முழங்காலில் நடந்தே மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சாக்கோச்சனும் பின்னால் நின்று அழுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரும்பி வந்த பிள்ளை கொஞ்சம் அமைதியாகிவிட்டாள், அவ்வளவுதான். பொரித்த கரிமீனுக்கு அடம்பிடித்தவள் இப்போது தட்டை அப்படியே ஒதுக்கிவிட்டுச் செம்பு செம்பாகச் சீரகத் தண்ணீர் குடித்தாள். பொழுதெல்லாம் முற்றத்து வெயிலில் முகத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்த பிள்ளை, தேறிவிடும் என்று சாக்கோச்சன் நினைத்துக்கொண்டான். நினைக்காமல் என்ன செய்வான்?

மறுநாள் செவ்வாய், அதே நேரம், அதே இடம். இம்முறை எழுநூற்றிருபது. முற்றத்துப் புல்லில் வெளிச்சத்துக்கு அளவு வைத்துவிட்டு அழுத்தினான். திரையில் தென்னைகள் வெள்ளித் தோகையாக விரிந்தன, செம்பருத்தி வேலி உப்புக் குவியலாகியது, வானம் இருண்டது. அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது படியில் கறுப்பு இல்லை, அப்பாடா என்றான்.

பிறகு மேல் படியைப் பார்த்தான். அங்கே இரண்டு. முற்றத்தின் வெள்ளைப் புல்லில் இன்னும் நான்கு. சிறியவை. வீட்டைப் பார்த்து.

சற்று நேரத்தில் ஷுக்கூர் வந்து இறங்கினான். கேமரா அவனுடையது. கல்யாணப் படக்காரன், வாய் ஓயாதவன்.

"என்னா சாக்கோச்சேட்டா, மரமெல்லாம் நரைச்சிடுச்சா?"

"நரைச்சிடுச்சு. உன் மீசைக்குத்தான் சாயம் போட்டு மறைச்சு வச்சிருக்கே."

"சிரிக்காதீங்க சேட்டா, என் மானம் உங்க கையில. கல்யாணப் பொண்ணோட வாப்பா துபாய்லருந்து வந்து, படம் எடுக்கக் காஷ்மீர் போலாமாங்கறாரு. எதுக்கு அவ்வளவு தூரம், நம்ம ஆலப்புழையிலயே பனி பெய்ய வைக்கறேன்னு வாய விட்டுட்டேன். வியாழக்கிழம வள்ளத்துல ஏறியாகணும்."

சாக்கோச்சன் படத்தைக் காட்டினான். ஷுக்கூர் நெற்றியைச் சுருக்கினான்.

"லென்ஸ் கோளாறு சேட்டா. சிலதுல நடுவுல வெளுப்பா வட்டம் விழுமே, இதுல கறுப்பா விழுது."

"லென்ஸ் கோளாறுக்கு அஞ்சு விரல் இருக்குமாடா?"

ஷுக்கூர் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

"மோளு ஈரக் காலோட நடந்திருப்பா," என்றான். "அதோ உக்காந்திருக்காளே. மோளே, இங்க திரும்பு, மாமா ஒரு படம் எடுக்கட்டும்."

வெயிலில் உட்கார்ந்திருந்த ட்ரீசா மெல்லத் திரும்பினாள். அதற்குள் சமையலறையிலிருந்து சோஃபி ஓடிவந்து குறுக்கே நின்றாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"அவளப் படம் எடுக்க வேண்டாம்."

"அட, சும்மா ஒண்ணு சேச்சி..."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

அவள் குரல் அப்படி உயர்ந்து சாக்கோச்சன் கேட்டதில்லை. ஷுக்கூர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வியாழக்கிழமையை இன்னொரு தரம் நினைவூட்டிவிட்டு வள்ளம் ஏறினான்.

அவன் போனதும் சாக்கோச்சன் மகளிடம் போய்க் குந்தினான். "படித்துறைப் பக்கம் போனியா கண்ணு?"

"இல்ல சாச்சா. எனக்கு அங்க போகப் பிடிக்காது." அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் பாதங்கள் உலர்ந்திருந்தன. விரலிடுக்கில் மண்கூட இல்லை.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது மனைவியிடம் படத்தை நீட்டினான். அவள் பார்க்கவில்லை.

"எடீ, ஒரு தடவ பாரேன்."

"அந்த கேமராவ ஷுக்கூர்ட்ட குடுத்துடுங்க இச்சாயா. கெடச்ச பிள்ளைய வச்சுக்கிட்டு நாம நிம்மதியா இருக்கக் கூடாதா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. சாக்கோச்சன் அதற்குமேல் கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை அவன் கேமராவை மூடி உறைக்குள் போட்டிருக்கலாம். ஷுக்கூருக்கு வேண்டியது எழுநூற்றிருபது. அது சரியாக வேலை செய்தது. ஆனால் காரணம் தெரியாமல் ஒரு கோளாறை விட்டுக்கொடுத்து அவனுக்குப் பழக்கமில்லை. பத்து மணிக்கே எண்ணூற்றைம்பதை எடுத்துத் துடைத்து வைத்தான். அதன் வழியாக வெறும் கண்ணில் ஒன்றுமே தெரியாது, கரித் துண்டு மாதிரி இருக்கும். நிறத்தின் மயக்கம் கொஞ்சமும் கலக்காமல் காட்டுவது அதுதான் என்று தன்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் அவனே சொல்லியிருக்கிறான்.

பன்னிரண்டரைக்கு வராந்தாவில் நின்றான். வெயிலுக்கு எல்லாம் அடங்கிப்போயிருந்தது. தூரத்தில் ஒரு படகின் மோட்டார் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. வயலிலிருந்து சேற்று வாடை வந்தது, அதோடு அழுகிய ஆகாயத்தாமரையின் வேர் நாற்றமும், ஜூன் மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவன் சட்டையெல்லாம் ஒட்டியிருந்த அதே நாற்றம். கால்வாய்ப் பக்கமிருந்து காற்று இல்லை. நாற்றம் மட்டும் வந்தது. கொடியில் காய்ந்த துணிகள் அசையாமல் தொங்கின. ஃபில்டரைத் திருகித் திரையைப் பார்த்தான்.

வெள்ளை முற்றம். வெள்ளை வேலி. துணிக்கொடிக்குக் கீழே ஒரு கறுப்புப் பிள்ளை.

தலையைத் தூக்கினான். துணி. புல். ஒரு காகம்.

திரை. நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி முகத்தில் அப்பியிருந்தது. முழங்கையிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டிய இடத்தில் புல் கறுத்தது. இடது பாதத்தை வலது பாதத்தின் மேல் வைத்து, கொக்கு மாதிரி நின்றாள். ட்ரீசா அப்படித்தான் நிற்பாள், பல்லாயிரம் பேரில் அவன் கண்டுபிடித்துவிடுவான். ஜூனுக்குப் பிறகு அவள் அப்படி நிற்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

திரையில் இருந்தவள் அவனைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

தூக்கிக்கொள்ளச் சொல்கிறாள்.

"சாச்சா."

குரல் பின்னாலிருந்து வந்தது.

"யாரப் படம் எடுக்கறே சாச்சா?"

கேமராவை இறக்காமலே திரும்பினான். நிலைப்படிக்கு உள்ளே, வீட்டு நிழலில், இரண்டு பேர். சோஃபியின் கை, கழுத்து, முகம் எல்லாம் மங்கிய மெழுகு நிறம், மணிக்கட்டில் நரம்பு லேசாக ஓடியது. மனிதத் தோல் எப்படி விழுமோ அப்படி. அவள் பிடித்திருந்த பிள்ளை எரிந்தது. செம்பருத்தி வேலி எரிந்ததுபோல, தென்னங்கீற்று எரிந்ததுபோல, நிழலிலும் கண் கூசும் வெள்ளை. கன்னத்தில் ஒரு நரம்பு. நெற்றியிலிருந்து மோவாய் வரை நேர்க்கோடாக ஒன்று. அதன் இருபுறமும் ஒரே இடைவெளியில் கிளைகள். கிளையிலிருந்து கிளைகள்.

"அதக் கீழ வையுங்க இச்சாயா," என்றாள் சோஃபி.

சாக்கோச்சன் கேமராவை இறக்கவில்லை. "உனக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரிலேருந்து வந்தன்னிக்குக் குளிப்பாட்டினேன்ல. தெரியாம இருக்குமா?"

"அப்ப வெளிய..."

"வெளிய யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம்!" கத்திவிட்டு அழுதாள். "மம்மின்னு கூப்பிடுது. ராத்திரி என் கழுத்தக் கட்டிக்கிட்டுத் தூங்குது. எனக்கு இது போதும். உள்ள வாங்க. வாங்கன்னு சொல்றேன்ல!"

அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

அறை இருண்டது. மூன்று பேரின் மூச்சு கேட்டது. இல்லை, இரண்டு பேரின் மூச்சு.

கதவின் கீழ்ப்பாதியில் ஏதோ பட்டது. மெத்தென்று. ஈரக் கை. மறுபடி. ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரம். தட்டவில்லை, தடவியது. தாழ்ப்பாளைத் தேடியது. அது எட்டாத உயரத்தில் இருந்தது. அந்தத் தாழ்ப்பாளை அவ்வளவு மேலே பொருத்தியவன் சாக்கோச்சன்தான், பிள்ளை தனியாகக் கால்வாய்க்குப் போய்விடக் கூடாதென்று.

அவன் கை தாழ்ப்பாளுக்குப் போனது. போகத்தான் செய்தது.

குளிர்ந்த சின்ன விரல்கள் அவனுடைய மற்றொரு கையைப் பிடித்தன. கசக்கிய இலையின் வாசனை வந்தது.

"திறக்காதே சாச்சா," என்றாள் ட்ரீசா, சமாதானப்படுத்துகிற குரலில். "கொஞ்ச நேரம் அழுவா. வெயில் எறங்கினா போயிடுவா. தெனமும் அப்படித்தான்."

தினமும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். இந்த வாசலில்.

வெளியே அழுகைச் சத்தம் ஏதும் அவனுக்குக் கேட்கவில்லை. காது இருந்தும் கேட்கவில்லை. கேமரா கழுத்தில் தொங்கியது, திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கடியில் ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியே வெளிச்சம் உள்ளே விழுந்த தரைக்கு லென்ஸைச் சாய்த்தான்; திரை காட்டியது. வெள்ளைக் கோடு. கோட்டின் நடுவே கறுப்பு. கறுப்பு நீண்டது. நான்கு விரல்கள், நகத்தடியில் வேர் சிக்கிய நான்கு சின்ன விரல்கள், சிமெண்டுத் தரையைத் தடவித் தடவி உள்ளே வந்தன. கதவோரம் கழற்றிப் போட்டிருந்த அவன் செருப்பைத் தொட்டன. அங்கிருந்து அவன் பெருவிரலை நோக்கி, தெரிந்த ஒன்றைக் கண்டுகொண்ட அவசரத்தில், நகர்ந்தன.

சாக்கோச்சன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.