துடைத்த சிவப்பு

பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் நேற்று துடைத்த சிவப்புப் பொட்டு, இன்று மாலை லீவரின் மேல் மறுபடியும் இருந்தது.

இசக்கிதுரை அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தான். மணலிலும் சேற்றிலும் ஓடும் நாலு சக்கர ஏடிவி வண்டியில், வலக் கைப்பிடியருகே கட்டைவிரலால் அழுத்தும் ஆக்ஸிலேட்டர் லீவர். சுங்குவார்சத்திரம் காயலான் கடையில் நசுங்கிக் கிடந்த வண்டியிலிருந்து கழற்றி வாங்கியது. ஓட்டியவன் என்ன ஆனான் என்று கேட்டதற்குக் கடைக்காரர் விலையை மட்டும் சொன்னார்.

ஒரகடம் கம்பெனியில் அவனுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. தேறாதென்று கழித்த பாகம் தப்பித்தவறியும் உற்பத்தி லைனுக்குத் திரும்பிவிடக் கூடாது என்று அதன்மேல் சிவப்புப் பெயின்ட் தொட்டு வைப்பது அன்றாடம் அவன் செய்வதுதான். சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. யாரோ இதைக் கழித்திருக்கிறார்கள். தெரிந்தேதான் துடைத்தான்.

இப்போது பொட்டு ஈரமாக இருந்தது. அறையில் தின்னர் வாடை போய், ஏரிச் சேற்றின் வாடையும் அதற்கடியில் துருவேறிய இரும்பின் வாடையும் மெல்லப் பரவிக்கொண்டிருந்தன. சிவப்பின் நடுவே மெல்லிய விரல் ரேகைகள். தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. அவன் அழுத்தாமலே லீவர் உள்ளே போனது.

மறுபடி துடைத்தான். இன்றே யாரிடமாவது விற்றுத் தொலைத்துவிட வேண்டும்.

பென்னலூர் ஏரிக்கரையில் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஏடிவி ஓட்டக் கொடுக்கும் யாக்கோபு, லீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புச்சு மாரி கீதே. இன்னா கம்ப்ளெயின்ட்டு, சொல்லு."

"ஒரு குறையும் கிடையாது அண்ணாச்சி."

"நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன், அண்ணாச்சின்ற?"

சிரித்தபடியே அதைத் தன் வண்டி ஒன்றில் மாட்டி முடித்தார். காலேஜ் படிக்கும் அவர் மகள் ஷாரோன் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரேன்பா."

சொல்லிவிடலாம் என்று இசக்கிதுரை வாயைத் திறந்தான். ஷாரோன் கட்டைவிரலை லீவரில் வைத்தாள். அதே சேற்று வாடை.

"பாப்பா, இறங்கிரு," என்றான். இன்ஜின் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.

வண்டி மேட்டைச் சுற்றியது. வேகம் கூடியது. மறுபடி கூடியது.

"கைய எடு ஷாரோனு," என்று கத்தினார் யாக்கோபு.

"எடுத்துட்டேன்பா."

இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். வண்டி ஏரியைப் பார்த்துத் திரும்பியது.

யாக்கோபு ஓடினார். இசக்கிதுரையால் ஓட முடியவில்லை. வலக்கைக் கட்டைவிரல் மடங்கியிருந்தது. இடக்கையால் பிடித்து நிமிர்த்தப் பார்த்தான்.

நிமிரவில்லை.

வெறும் காற்றை அது அழுத்திக்கொண்டிருந்தது. நகத்தடியில் சிவப்பு ஈரம். விரல் இன்னும் கொஞ்சம் மடங்கியது.

ஏரிக்கரையில் இன்ஜின் சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது.