பதினொன்றாவது விரல்

மூன்று முறை துடைத்தும் அந்தக் கண்ணாடியில் விரல் பிசுக்கு போகவில்லை. தோல் டாக்டரின் கிளினிக் அது. வருகிறவர்கள் எல்லாரும் ரிசப்ஷனில் இருக்கும் டச் ஸ்கிரீனைத் தொட்டுப் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சொறிந்த விரல், களிம்பு தடவிய விரல், தோல் உரிந்துகொண்டிருக்கும் விரல். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவள் துணியை இரண்டாக மடித்துக்கொண்டாள். கையுறை கேட்டால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள்.

"நாலு மணிக்கு பேஷண்ட்ஸ் வந்துடுவாங்கம்மா" என்று ரிசப்ஷன் அக்கா நினைவுபடுத்தினாள். கம்பெனி மேனேஜரோ காலையிலேயே போனில் காய்ச்சி எடுத்துவிட்டார். "விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடலாம்னு அடிச்சுச் சொன்னது நீ. இன்னைக்கு அது ஓடலேன்னா, நாளைக்கு நீ வரவேண்டாம்."

லினக்ஸ் ஓடத்தான் செய்தது. ஐகான்களோடு வரும் டெஸ்க்டாப் திரைதான் வர மறுத்தது. ஸ்விட்சைப் போட்டால் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடும், திரை ஒருமுறை வெளுக்கும், பிறகு இருண்டுபோய் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். டிஸ்கில் இடம் இருந்தது, திரையை இயக்கும் டிரைவர் புரோகிராமிலும் குறையில்லை. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் லாகைத் திறந்தாள். பக்கம் பக்கமாக ஒரே புகார். பத்து விரல்வரைதான் ஏற்க முடியும், பதினொன்று தொடுகின்றன, ஆகவே டெஸ்க்டாப் நிறுத்தப்பட்டது.

கண்ணாடியைப் பார்த்தாள். யாரும் தொடவில்லை.

ஈரம் பட்டால் டச் ஸ்கிரீன் இல்லாத விரலை இருப்பதாகச் சொல்லும், தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய கூத்து. ஸ்பிரிட்டை ஊற்றி நான்காவது முறை அழுத்தித் தேய்த்தாள். துணி சுத்தமாகவே வந்தது. பிசுக்கு அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பின்மூடியைக் கழற்றினாள். வியர்வையில் ஊறிய பழைய பேண்டேஜைப் பிரித்ததுபோல ஒரு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே ஒன்றுமில்லை. தூசிதான், ஆனால் வெதுவெதுப்பாக, நசநசவென்று, தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைச் சட்டையில் துடைக்கவும் மனம் வரவில்லை. மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு லாகைப் பார்த்தாள். பதினான்கு. அவள் பார்க்கப் பார்க்கவே பத்தொன்பது.

மணி மூன்றே முக்கால். வெளியே செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது.

டச்சையே அணைத்துவிட்டால் டெஸ்க்டாப் வந்துவிடும். ஆனால் தொட முடியாத டச் ஸ்கிரீனை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தது. பத்து என்றிருந்த வரம்பை அழித்துவிட்டு ஆயிரம் என்று அடித்தாள். யார் தொடுகிறார்கள் என்று பார்ப்பது தன் வேலையில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

டெஸ்க்டாப் வந்துவிட்டது. பளிச்சென்ற பச்சைத் திரை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரெடியா?" உள்ளறையிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

"ரெடி சார்!"

சொல்லி வாய் மூடவில்லை. பச்சைக்கு அடியிலிருந்து வெளிறிய புள்ளிகள் எழும்பின. ஒன்று. நான்கு. பிறகு கூட்டமாக. விரல் நுனிகள். உள்ளிருந்து கண்ணாடியில் அமுங்கி, தட்டையாகி, வழுக்கி வழுக்கி எதையோ தேடின. ஒன்றிலும் ரேகை இல்லை. சிலவற்றில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அட, வந்துடுச்சே! கெட்டிக்காரிதான் போ!" என்று அக்கா மோதிரம் போட்ட கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

தொடாதீங்க என்று சொல்லவேண்டும். ஆனால் டாக்டர் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும். தயங்கினாள். ஒரே நொடிதான். அதற்குள் அக்காவின் கை கண்ணாடியில் பதிந்துவிட்டது.

"என்னம்மா இது, இவ்ளோ சூடா..."

விரல்கள் மொத்தமும் அந்தக் கையை நோக்கி நகர்ந்தன. மொய்த்தன. சப்புக் கொட்டுவதுபோல ஒரு சத்தம்.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. அக்கா தடுமாறிப் பின்னால் சாய்ந்து, கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. வலியும் இல்லை போலிருந்தது. உள்ளங்கை மட்டும் இருந்தது. வழவழவென்று, விரல்கள் இருந்த ஓரம் தோல் மூடி.

இருண்ட கண்ணாடியை உள்ளிருந்து ஐந்து விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் மோதிரம் இருந்தது.