எதுவும் இணைக்காத போர்ட்

வெறும் போர்ட்டை வாசித்தால் திரையில் எட்டு ஒன்றுகள் வரவேண்டும். லிபியின் திரையில் ஐந்தாவது இடம் மட்டும் பூஜ்யமாகி, சட்டென்று மறுபடி ஒன்றானது. அவள் குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். போர்ட்டில் கேபிள் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

கரமனை ஆற்றைப் பார்த்த ஒரு மாடி வீட்டில் நடந்துவந்த சின்னக் கம்பெனி அது. மழை வலுக்கும் முன்பே மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். லிபியின் வேலை ஒரே ஒரு டிரைவர் புரோகிராமைக் கட்டிக்காப்பது. கம்ப்யூட்டரும் வெளியே உள்ள கருவியும் பேசிக்கொள்ளும் வாசல்தான் போர்ட். இயங்குதளத்தின் உள்ளறையான கெர்னல், சாதாரண புரோகிராம் எதையும் அந்த வாசல் பக்கம் விடாது; லிபியின் டிரைவரைக் கேட்டுத்தான் போகவேண்டும். கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவருக்கும் ஒட்டுப்போட வேண்டும். பெருமைப்பட ஒன்றுமில்லாத பிழைப்பு. ஒழுங்காகச் செய்தால், இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது.

இப்போது அவள் சோதித்துக்கொண்டிருந்த போர்ட், உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒரு பழைய கார்டில் இருந்தது. அந்தக் கார்டு விழிஞ்ஞத்தில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு குளிர்கிடங்கிலிருந்து வந்தது. மத்தியானம் கொண்டுவந்து கொடுத்தவன் ஜிபின், அவள் புருஷன். கிடங்கில் எலக்ட்ரீஷியன். சட்டையில் மீனும் குளிரூட்டும் அமோனியாவும் மணத்தன.

"புது கார்டு மாட்டியாச்சு பிள்ள. உன் புது டிரைவரும் ஓடுது. குளிர்ரூமுக்குள்ள ஒரு வயர் பாக்கணும், பாத்துட்டு இருட்டும் முன்ன வந்துருவேன்."

"சாயா குடிச்சிட்டுப் போங்க."

"வந்து குடிக்கேன்."

இப்போது வெளியே இருட்டிவிட்டது. ஐந்தாவது இடம் மறுபடி துடித்தது. ஈரம்தான், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றி, ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டினாள். துடித்தது. ஓட்டில் விழும் மழையின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு இரைச்சலும் கேட்டது. ஏதோ பெரிய மோட்டார் தூரத்தில் விடாமல் ஓடுவதுபோன்ற சத்தம். அவளுக்கு எரிச்சல் வந்தது. கார்டை மொத்தமாகப் பிடுங்கி மேஜைமேல் போட்டுவிட்டு, போர்ட் இருந்த வெற்று முகவரியை மட்டும் வாசிக்கவிட்டாள்.

எட்டு ஒன்றுகள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

ஐந்தாவது இடம் பூஜ்யமானது. ஒன்று. பூஜ்யம். ஒன்று. தாறுமாறான வேகத்தில், மூச்சு முட்டுகிறவன் கதவைத் தட்டுவதுபோல.

கிடங்கில் அந்த ஐந்தாவது இடத்துக்கான கம்பி எங்கே போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்ததும் குளிரறைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்கு அறைக்குள் ஒரு சிவப்புச் சுவிட்ச் உண்டு. அமுக்கினால் அலாரம் அடித்துக் கதவு திறக்கும். அதற்குப் போகும் கம்பிதான் அது; அமுக்கினால் ஐந்தாவது இடம் பூஜ்யமாகும்.

மழைக்காலத்தில் அந்தச் சுவிட்ச் உப்பேறி, யாரும் தொடாமலே படபடக்கும். சும்மா சும்மா அலாரம் அடிக்கிறது என்று கிடங்கு மேனேஜர் உயிரை எடுத்தார். உப்புக்காற்றோடு மாரடிக்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் லிபியும் புது டிரைவரில் செய்திருந்தாள். படபடப்பையெல்லாம் தள்ளிவிடு, விடாமல் அமுக்கினால் மட்டும் நம்பு. ஜிபினிடமும் சொல்லியிருந்தாள், விடாமல் அமுக்கவேண்டும் என்று.

இருட்டில், அந்தக் குளிரில், எவன் நிதானமாக அமுக்குவான்? படபடவென்றுதான் அடிப்பான்.

போனை எடுத்துக் கிடங்குக்குச் சுழற்றினாள். காவல்காரர் தாணுலிங்கம் எடுத்தார்.

"அண்ணே, லிபியாக்கும். ஜிபின் அங்க உண்டா?"

"அப்பமே போயாச்சே மேடம். பைக்கு இங்கதான் நிக்கு. மழையில்லா, பஸ்ஸுல போயிருப்பாராக்கும்."

"குளிர்ரூமத் தொறந்து பாருங்கண்ணே."

"அலாரம் ஒண்ணும் அடிக்கல்லியே மேடம்."

"அடிக்காது! நான்தான் அப்படி எழுதி வச்சேன். ஓடுங்கண்ணே!"

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம். பிறகு ரிசீவருக்குள் மோட்டார் இரைச்சல். சற்றுமுன் மழைக்கு அடியில் கேட்ட அதே இரைச்சல்.

திரையைப் பார்த்தாள்.

பூஜ்யம். ஒன்று.

பூஜ்யம்.

ஒன்று.

வேகம் குறைந்துகொண்டே வந்தது. இடைவெளி நீண்டது. கர்த்தாவே, கர்த்தாவே என்று முனகினாள். அமுக்கு, விடாமல் அமுக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை.

பூஜ்யம்.

ஒன்று.

அப்புறம் ஒன்றுகள் மட்டும்.

மாடிப்படியில் காலடி கேட்டது. மெதுவாக ஏறி வந்தது. கதவு திறந்தது.

"வந்துட்டேன் பிள்ள."

ஜிபின். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை பீறிட்டது, கூடவே கோபமும்.

"எங்க போய்த் தொலஞ்சிய? எனக்கு உயிரே போயிட்டு!"

அவன் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை மழையிலும் சட்டை நனையவில்லை. புழுக்கமான அந்த அறையில் அவன் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அமோனியா நெடி மூக்கில் ஏறியது.

காதில் ரிசீவர் அலறியது.

"மேடம்... கதவுப் பக்கத்துலயே கெடக்காரு மேடம். ஜிபின்தான். வெரலு சுவிச்சுலயே ஒட்டிப்போயிருக்கு. எடுக்க முடியல்ல..."

ரிசீவர் நழுவியது.

மேஜைமேல் இருந்த அவள் புறங்கையில் அவன் ஒற்றை விரலை வைத்தான். எலும்புவரை குளிர்ந்தது. விரல் நுனியில் தோல் இல்லை.

"விடாம அமுக்கணும்னுதானே சொன்ன?"

திரையில் ஐந்தாவது இடம் பூஜ்யமானது.

அவன் விரலை எடுக்கவில்லை.