கண்ணாடிச் சுரங்கத்தில் ஒரு சொட்டு

அந்தக் கட்டடத்துக்குள் ஒரு கடலே இருக்கிறது என்று மாமா சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"வெளியே வர எத்தனை வழி இருக்கு?"

மாமா சிரித்தார். "அக்கா, நாம மீன் பாக்கப் போறோம். திருடப் போகல."

அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தம்பி பட்டாணி மட்டும் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"சுறா இருக்கா மாமா? நிஜச் சுறாவா?"

"நிஜச் சுறாதான். உன்னை மாதிரி நாலு பேரைக் காலையிலயே முழுங்கிட்டு, இப்போ ஏப்பம் விட்டுட்டு இருக்கும்."

அப்போது எனக்குப் பத்து வயது. தம்பிக்கு ஏழு. பிறந்தபோது ரொம்பச் சின்னதாக இருந்ததால் அவன் பட்டாணி ஆனான். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று கேட்பதால் மாமா எனக்கு வைத்த பெயர் ஆராய்ச்சி. பள்ளி விடுமுறைக்கு, மாமா வேலை பார்க்கும் நகரத்துக்கு வந்திருந்தோம். அம்மா, நான், தம்பி என்று மூன்று பேர். அதற்கு முந்தைய விடுமுறையில் நாங்கள் நான்கு பேர்.

இடைப்பட்ட அந்த வருடத்தில்தான் எங்கள் தெருவுக்குள் ஆறு வந்தது. முதலில் கதவுக்கு அடியில் நூல் மாதிரி ஒரு கோடு. "ஒண்ணும் இல்ல, கொஞ்சம் தண்ணிதான்," என்றார் அப்பா. ஒரு சாக்கை மடித்து வாசலில் வைத்தார். அரை மணி நேரத்தில் தண்ணீர் என் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்பா எங்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, எதிர் வீட்டில் நடக்க முடியாமல் கிடந்த தையல்காரரைத் தூக்கிவர மறுபடி இறங்கினார். தையல்காரர் வந்து சேர்ந்தார். அப்பா வரவில்லை.

அதற்குப் பிறகு தூறல் விழுந்தாலே போதும். அம்மா எங்கள் இருவரையும் சாப்பாட்டு மேஜை மேல் ஏற்றி உட்கார வைத்துவிடுவார். மழை நிற்கும்வரை இறங்கக் கூடாது. அந்த மேஜை மேல் உட்கார்ந்து நான் எத்தனையோ வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட அம்மா, பட்டாணியின் நச்சரிப்பு தாங்காமல்தான் மீன் காட்சியகத்துக்கு வரச் சம்மதித்தார்.

உள்ளே நுழைந்ததும் வெயில் காணாமல் போனது. எல்லாம் நீலம். எல்லார் முகமும் நீலம். சுவருக்குப் பின்னால் எங்கேயோ பெரிய மோட்டார்கள் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் செருப்பு வழியாக ஏறி என் முழங்கால் வரை வந்தது.

ஒரு தொட்டியில் ஜெல்லி மீன்கள் குடை மாதிரி விரிந்து விரிந்து மூடின. இன்னொன்றில், பாறை ஓட்டைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிய விலாங்கு ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

"உன் வகுப்பு டீச்சர் மாதிரியே இருக்கு," என்றார் மாமா.

"எங்க டீச்சர் நல்லவங்க," என்றான் பட்டாணி. ஆனால் அவன் கை என் கைக்குள் வந்துவிட்டது.

அம்மா எந்த மீனையும் பார்க்கவில்லை. 'வெளியே' என்று எழுதிய பச்சை விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஏனென்றால் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி, மூடி இல்லாமல் இருந்தது. அதில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கலாம். நீலச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"ஒரு விரலால மெதுவா தொடுங்க. நட்சத்திர மீனுக்கு வலிக்கக் கூடாது."

"இது குழாய்த் தண்ணியா?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சிட்டா ஆராய்ச்சி," என்றார் மாமா.

"குழாய்த் தண்ணியில இதுங்க செத்துப்போயிடும் பாப்பா. இங்க எல்லாத் தொட்டியிலயும் கடல் தண்ணிதான். சுரங்கத்துக்கு மேல இருக்கிற பெரிய தொட்டியிலயும் அதுதான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பட்டாணி விரலை நக்கிவிட்டான். அவன் முகம் கசங்கிப் போனது.

"உப்பு சரியா இருக்காடா?" என்றார் மாமா.

"கரிக்குது மாமா! ரொம்பக் கரிக்குது!"

கை கழுவும் குழாயில் நீண்ட வரிசை நின்றது. நாங்கள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நடந்தோம்.

அதற்கு அடுத்ததுதான் சுரங்கம்.

சுவர், கூரை எல்லாம் கண்ணாடியாக வளைந்திருந்தது. பக்கத்திலும் தண்ணீர், தலைக்கு மேலும் தண்ணீர். நடுவில் மட்டும் மனிதர்கள் நடக்க ஒரு பாதை. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வேற வழி இருக்கா?" என்று அங்கிருந்த காவலாளியிடம் கேட்டார்.

"இல்லைங்க. எல்லாரும் இப்படியேதான் போகணும். பின்னால ஆள் வர்றாங்க பாருங்க, கொஞ்சம் நகருங்க."

பின்னால் நிஜமாகவே நிறையப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். பாதையின் வலது பக்கம் தானாக நகரும் பட்டை ஒன்று இருந்தது. மாமா அதில் தாவி ஏறி, போனில் எங்களைப் படம் பிடித்தபடியே முன்னால் போய்விட்டார். நாங்கள் மூவரும் இடது பக்கம், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

சுரங்கம் ஒரு வளைவில் திரும்பியது. இப்போது வந்த வாசலும் தெரியவில்லை, போகும் வாசலும் தெரியவில்லை. பச்சை விளக்கு ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் சுறா வந்தது. எங்கள் தலைக்கு மேல், அவசரமே இல்லாமல். அதன் வெள்ளை வயிறு ஒரு கட்டில் நீளம் இருந்தது. அதன் நிழல் அம்மாவின் முகத்தில் விழுந்து, கடந்து போனது.

"அக்கா," என்று கிசுகிசுத்தான் பட்டாணி, "அது ஏப்பம் விடலியே. இன்னும் பசியா இருக்குமோ?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மாவின் நெற்றியில் ஏதோ 'சொத்' என்று விழுந்தது.

அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். தண்ணீர்.

இன்னொரு சொட்டு. இந்த முறை கம்பியைப் பிடித்திருந்த கையில். மேலே பார்த்தேன். கண்ணாடிகள் ஒட்டியிருந்த இடத்தில், நூல் மாதிரி ஒரு கோடு. அதில் சின்னச் சின்ன முத்துக்களாகத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி," என்றார் அம்மா. பிறகு கத்தினார். "தண்ணி வருது! தண்ணி உள்ளே வருது!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருந்தேன்.

"என்ன, ஒழுகுதா?" என்றார் பின்னால் நின்ற தொப்பிக்காரர்.

"கண்ணாடி ஒடஞ்சிருச்சா?" என்றது இன்னொரு குரல்.

தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருந்த ஒரு பெண் வண்டியைத் திருப்பப் பார்த்தார். அது குறுக்கே மாட்டிக்கொண்டது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் தள்ளினார்கள், முன்னால் இருந்தவர்கள் பின்னால் தள்ளினார்கள். யாரோ என் காலை மிதித்தார்கள். பட்டாணி அழ ஆரம்பித்தான். அம்மா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி சிலை மாதிரி நின்றார். பிடித்த பிடியில் அவர் விரல்கள் வெளுத்துவிட்டன.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் யாரோ ஒருவர்.

ஒண்ணும் இல்ல. அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

எனக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது? என் காதுக்குள் மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒண்ணும் இல்லையா, இருக்கா? யார் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை. எனக்கே தெரிய வேண்டும்.

அப்போது பட்டாணியின் கசங்கிய முகம் நினைவுக்கு வந்தது. கரிக்குது மாமா!

தொட்டியில் இருப்பது கடல் தண்ணீர். இந்தச் சொட்டு தொட்டியிலிருந்து வந்தால், இதுவும் கரிக்க வேண்டும்.

உள்ளங்கையை நீட்டினேன். ஒரு சொட்டு விழுந்தது. நக்கினேன்.

கரித்தது.

அம்மாவிடம் என்ன சொல்வது? தம்பியை எப்படித் தூக்குவது? அவனைக் கம்பி மேல் ஏற்றினால் எவ்வளவு உயரம் வரும் என்றுகூட என் கண் அளந்துவிட்டது.

பிறகு என் கையைப் பார்த்தேன். நட்சத்திர மீனைத் தொட்ட கை. கழுவாத கை.

அதனால் வேறு வழியில்லாமல், அந்தக் கோட்டுக்கு நேர் கீழே போய் நின்றேன். தலையை அண்ணாந்து, வாயை ஆவென்று திறந்தேன்.

சொட்டு விழவில்லை.

அது முத்தாகத் தொங்கியது. கொஞ்சம் பெரிதானது. ஆடியது. அதற்கும் மேலே, தண்ணீருக்குள், சுறா திரும்பி வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூடினால் சொட்டு குறி தவறிவிடும். சுறாவின் வாயும் என் வாயும் நேருக்கு நேர் திறந்திருந்தன.

சொத்.

நாக்கில் நன்றாகப் புரட்டிப் பார்த்தேன். கூடவே மனசுக்குள், அவசரப்படாதே, சரியாகப் பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"உப்பு இல்லை!" என்று கத்தினேன். "அம்மா, உப்பே இல்லை!"

"என்ன சொல்றா இந்தப் பொண்ணு?" என்றார் தொப்பிக்காரர்.

"மேல இருக்கிறது கடல் தண்ணி. அது கரிக்கும். இது கரிக்கல. அப்போ இது அந்தத் தண்ணி இல்ல!"

பட்டாணி அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தான். ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. அடுத்தது வாய்க்குள் விழுந்தது.

"ஆமா! எனக்கும் உப்பு இல்ல!"

தொப்பிக்காரர் எங்களை ஒரு தடவை பார்த்தார், கூரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் அண்ணாந்தார். அவ்வளவு பெரிய மீசையோடு ஒருவர் வாயைத் திறந்து நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பொண்ணு சொல்றது சரிதாங்க," என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். "பச்சத் தண்ணிதான். தள்ளாதீங்க! அந்த வண்டியை முதல்ல எடுக்க விடுங்க."

தள்ளுவது நின்றது. வண்டி திரும்பியது. யாரோ சிரித்தார்கள்.

அம்மா மட்டும் இன்னும் கம்பியை விடவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒண்ணும் இல்லம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீயே பாரும்மா," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக முகத்தை உயர்த்தினார். அந்தச் சுரங்கத்துக்குள் வந்த பிறகு அவர் மேலே பார்த்தது அப்போதுதான். ஒரு சொட்டு அவர் உதட்டில் விழுந்தது.

நாக்கு நுனியால் அதைத் தொட்டார்.

ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். அப்புறம் இன்னொரு கையை. எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. நடந்தோம். வளைவு தாண்டியதும் பச்சை விளக்கு தெரிந்தது.

வாசலில் மாமா மூச்சு வாங்க நின்றார். "எதிர்ப்பக்கமா ஓடி வரலாம்னு பாத்தேன், அந்தப் பட்டை என்னைத் திரும்பத் திரும்ப இங்கேயே கொண்டுவந்து விட்டுச்சு," என்றார். அன்று அவர் சொன்னதிலேயே நிஜமாகச் சிரிப்பு வந்தது இதற்குத்தான். அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

மாப்பும் வாளியுமாக ஒரு அக்கா எங்களைக் கடந்து சுரங்கத்துக்குள் போகப் பார்த்தார். நான் அவரை நிறுத்தினேன்.

"அக்கா, அது கடல் தண்ணி இல்லைன்னா வேற என்ன தண்ணி?"

"சொட்டுதே, அதுவா? கண்ணாடி சில்லுனு இருக்கு இல்ல, இவ்வளவு பேர் விடுற மூச்சு அதுல பட்டுத் தண்ணியா ஆகுது. கூட்டம் அதிகமானா அதிகமா சொட்டும். தினம் நாலு தடவை துடைக்கிறேன்." அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஆமா, அது கடல் தண்ணி இல்லைன்னு உனக்கு யார் சொன்னது?"

"குடிச்சுப் பாத்தோம்," என்றான் பட்டாணி.

அந்த அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்போ நீ ஊர்ப்பட்ட பேரோட மூச்சைக் குடிச்சிருக்க!"

பட்டாணி வாயைத் துடைத்துக்கொண்டான். "உவ்வே!"

வெளியே வந்தபோது மதியம் மங்கியிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பாதி தூரம் நடந்திருப்போம். தரையில் ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி. தூறல்.

பட்டாணி உடனே சுற்றும்முற்றும் பார்த்தான். நடைபாதை ஓரம் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. பழக்கதோஷம், அதில் ஏறத் தொடங்கினான். நானும் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டேன்.

அம்மா வானத்தைப் பார்த்தார். உள்ளங்கையை நீட்டினார். ஒரு துளி வந்து விழும்வரை காத்திருந்தார். பிறகு அதை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

மழைத் தண்ணீர் எப்போதும் கரிக்காது. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதை யாரும் சொல்லவில்லை.

"உப்பு இல்ல," என்றார் அம்மா. அவர் உதட்டோரம் லேசாக வளைந்தது. "இறங்குங்க ரெண்டு பேரும். நனைஞ்சுட்டே நடக்கலாம்."