மனைவிக்கு வைத்த பவுண்

மே மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்காபரோவில் இருந்து வெளிக்கிட்டு, ஹைவே செவனில் மடொக் என்ற ஊரைத் தாண்டி, ஒரு கல் ரோட்டின் ஓரம் காரை விட்டோம். அங்கிருந்து காட்டுக்குள் அரை மணி நேர நடை. கூட்டிக்கொண்டு போனவன் ஜனார்த்தன். என் தங்கச்சி அட்சயாவைக் கட்டப்போகிறவன். வார நாளில் வங்கியில் வேலை. வார இறுதியில் மெற்றல் டிடெக்டரும் மண்வெட்டியுமாகப் பழைய இடங்களைக் கிண்டித் திரிவதுதான் அவனுக்குப் பைத்தியம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் தங்கம் தேடி வந்தவர்கள் கட்டிய குடிசைகள் அங்கே இடிந்து கிடக்கின்றனவாம். மாப்பிள்ளைத் தோழன் நான் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். கறுத்த இலையான் ஈக்கள் காதுக்குள் புகுந்து பிடுங்கின. எனக்கு அப்போதே எரிச்சல்.

குடிசைக்குக் கூரை இல்லை. மரச் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு உக்கி நின்றன. அடுப்படிக் கல் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே காலை வைத்தேன். இலையான் நின்றுவிட்டது. குருவிச் சத்தமும் நின்றது. ஈர மண்ணோடு புகையிலை மணந்தது.

அடுப்புக் கல்லுக்குமேல் டிடெக்டர் வீரிட்டது. ஜனார்த்தன் கல்லைப் புரட்டித் தோண்டினான். துருப்பிடித்த ஒரு தகரப் பெட்டி. அதற்குள், துணியில் சுற்றிய ஒரு தங்கப் பவுண் காசு. விக்டோரியா இராணியின் தலை போட்டது. சங்கிலியில் கோக்கிறதுக்காக யாரோ பொறுமையாக ஓட்டை போட்டிருந்தார்கள். மூடியின் உட்பக்கத்தில் ஆணியால் ஆங்கிலத்தில் கீறியிருந்தது.

என் மனைவிக்கு. அவள் வரும் நாளுக்கு.

"வை மச்சான்," என்றேன். "உது ஒருத்தன் பொஞ்சாதிக்கு எண்டு வச்சது."

"அவ வரேல்லத்தானே. ரிலாக்ஸ் பண்ணு, கீதன். ஆள் செத்து எந்தக் காலம்."

பெட்டியையும் மூடியையும் பைக்குள் போட்டான். எங்கள் மண்வெட்டி நிலத்தில் கிடந்தது. கை வைத்தவர் எவரும் இல்லை.

ஆனாலும் மண்ணைக் கொத்தும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு தரம்.

ஆவணியில் கல்யாணம். அதற்குமுன் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. நல்ல நேரம் பார்த்து ஒரு பவுணை உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது எங்கள் வழக்கம். தட்டில் வெற்றிலையோடு பவுண் சுற்றி வந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு ஆசீர்வதித்தார்கள். என்னிடம் வந்தபோது பார்த்தேன். விக்டோரியா. மேலே ஓட்டை.

"அப்பப்பாவின்ர பவுண்," என்று ஜனார்த்தன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். என் காதில் மட்டும், "கடைப் பவுண் ஆரும் வாங்கலாம். இது நான் கையால கிண்டி எடுத்தது," என்றான். அவ்வளவு பெருமை அந்த நாசமாய்ப் போனவனுக்கு.

அப்போதே தட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். சபைக்கு நடுவே குழப்பம் வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு என்மேலேயே காறித் துப்ப வருகிறது.

நகை செய்யும் பத்தர் சண்முகலிங்கம் நெருப்பைப் பிடித்தார். பவுண் உருகவில்லை. மூன்று தரம் ஊதினார். வியர்த்துவிட்டது அவருக்கு.

"உது ஆற்றை கையில இருந்த பவுண், தம்பி?" என்று கேட்டார். ஜனார்த்தன் சிரித்தான். கடைசியில் அது இளகியபோது வீடு முழுக்கப் புகையிலை மணந்தது. வெளியில் யாரோ சிகரெட் பிடிக்கிறார்கள் என்று சொல்லிச் சனம் யன்னலைச் சாத்தியது.

கல்யாணத்தன்று மணவறையில் தாலிக்கொடியை அட்சயாவின் கழுத்தில் போட்டு, அதன் பூட்டுச் சுரையைத் திருக ஜனார்த்தன் கையைக் கொண்டுபோனான். கெட்டிமேளம் முழங்கியது. தோழனாக அவன் பக்கத்தில் நின்ற எனக்கு அவன் முகம் வெளுத்தது தெரிந்தது.

"மச்சான், நான் இன்னும் திருகேல்ல," என்றான். "அது பூட்டிக்கிடக்கு."

ஸ்ரௌவ்வில்லில் அவர்களுக்குப் புது வீடு. பெயின்ற் மணம் போகாத வீடு. மூன்றாம் கிழமை அட்சயா போன் எடுத்தாள். "அண்ணா, பேஸ்மென்ற்ல ஆரோ கிண்டுற மாதிரி ஒரு நொய்ஸ். பில்டரைக் கேட்டா பைப்பாம்." அடுத்த கிழமை நான் கேட்டபோது, "இல்லையே, ஒண்டும் இல்லை," என்றாள். குரல் மிகவும் அமைதியாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தேன். மேசையில் இரண்டு பேருக்குத்தான் தேத்தண்ணி ஊற்றியிருந்தாள். ஒன்று தனக்கு. மற்றது எதிர்க் கதிரைக்கு முன்னால். அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. ஜனார்த்தன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்த அந்நியன் மாதிரி நின்றான்.

"உது ஆருக்கு, அட்சு?"

"அவருக்கு."

அவள் நகங்களுக்குள் கறுத்த மண் இருந்தது.

அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடியைக் கழற்ற வேண்டும் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டா.

"கட்டினவன் உயிரோட இருக்கேக்க கொடியைக் கழட்டுறதோ? உனக்கு விசரே?"

"கட்டினவன் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கத்தினேன். அம்மாவிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. அதற்குப் பிறகு அம்மாவே பத்தருக்குப் போன் எடுத்தா.

சுரை திரும்பவே இல்லை. சண்முகலிங்கம் அண்ணைதான் வந்து கொடியை வெட்டித் தாலியை எடுத்தார். அட்சயா அசையாமல் இருந்தாள். கழுத்தில் ஒரு சிவந்த கோடு சுற்றிக் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை அட்சயாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் அந்தக் காட்டுக்குப் போனோம். அவளைத் தனியே வீட்டில் விடப் பயம். காரில் இருத்திப் பூட்டிவிட்டு நாங்கள் உள்ளே நடந்தோம். மே மாதம் கல்லைப் புரட்டிப்போட்டபடி விட்டுவந்தவர்கள் நாங்கள். இப்போது கல் தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. தொட்டேன்.

சுட்டது.

தாலியை ஆழமாகப் புதைத்தோம். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று ஜனார்த்தன் முணுமுணுத்தான். பிடரியில் ஓங்கி ஒன்று போட்டேன்.

ஜனார்த்தன் காரைத் திருப்பி ஸ்ரௌவ்வில் பக்கம் ஓட்டினான். மார்மோரா ஊர் வந்ததும்தான் நெஞ்சு கொஞ்சம் இளகியது. முடிந்தது, தங்கச்சி எனக்குக் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பின் சீற்றில் இருந்து அட்சயா மெல்லக் கேட்டாள்.

"என்னை எங்க கொண்டுபோறியள்? வீடு பின்னாலயெல்லோ கிடக்கு."

ஜனார்த்தன் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தபடி அழுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. காருக்குள் புகையிலை மணந்தது.

ஸ்ரௌவ்வில் வீட்டுக்குள் போனதும் என் கண் நேரே குளிர்காயும் காஸ் அடுப்பின் மேல் தட்டுக்குப் போனது. கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தகர மூடி சாய்ந்து நின்றது.

"மூடியைக் குடுக்கேல்லையோடா?"

"அது சும்மா தகரம், மச்சான். சுவனியர் எண்டு…"

அவனைக் கொன்றிருப்பேன். மூடியைப் பிடுங்கி எடுத்தேன், வெளியே எறிய. வெளிச்சத்தில் உட்பக்கம் பளிச்சென்றது. பழைய இரண்டு வரியும் துருவுக்குள் மங்கிக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு கீறல். அதே கை. அதே ஆங்கிலம். துரு உரிந்து தகரம் மினுங்கியது.

வந்துவிட்டாள்.

அட்சயா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். என் தோளுக்கு மேலாக அதை வாசித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், வெறுமையாய் இருந்த அந்தக் கதிரைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஓம்," என்றாள்.